மின்காந்த அலைகளின் இரண்டு ஓரங்கள்

க.பொ.த. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு மின்காந்தத் திருசியத்தின் படம் மறந்திருக்காது. ஒரு பக்கம் வானொலி அலைகள், நடுவில் வானவில் நிறத்தில் மெல்லிய ஒரு கீற்று, மறுபக்கம் காமாக் கதிர்கள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ரியூசன் வகுப்புக்குப் போனவர்கள் இந்தப் படத்தைப் பல தடவை கொப்பியில் கீறியிருப்பார்கள். கீறி முடித்ததும் இரண்டு நுனியிலும் அம்புக்குறி போடுவது வழக்கம். அந்த அம்புக்குறிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பரீட்சையில் கேட்பதில்லை. அதனால் வகுப்பிலும் யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய கேள்விதான் அது. அலை எவ்வளவு நீளமாக இருக்கலாம்? எவ்வளவு குறுகலாம்? சமன்பாடுகளைக் கேட்டால் இரண்டு பக்கமும் எல்லை இல்லை என்றே சொல்லும். ஆனால் அலை வெறும் சமன்பாட்டுக்குள் பயணம் செய்வதில்லை. அது கடக்க வேண்டிய வெளியில் இலத்திரன்கள் மிதக்கின்றன, பழைய ஒளி நிரம்பிக் கிடக்கிறது. நடைமுறையில் நாம் காணும் எல்லைகள் எல்லாம் அந்த வழிநெடுகக் கிடக்கும் பொருட்கள் போட்டவை.

முதலில் சமன்பாடு. 1865இல் மக்ஸ்வெல் எழுதிய கோட்பாட்டின்படி மின்புலமும் காந்தப்புலமும் ஒன்றையொன்று தூண்டியபடி வெளியில் பரவுகின்றன. வெற்றிடத்தில் அதன் வேகம் செக்கனுக்கு 299,792,458 மீற்றர். அந்த வேகத்தை மீடிறனால், அதாவது ஒரு செக்கனில் அலை எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்ற எண்ணால், வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். அந்த எண் பூச்சியத்துக்கு எவ்வளவு கிட்டவும் போகலாம், எவ்வளவு பெரிதாகவும் வளரலாம். கோட்பாடு எந்த இடத்திலும் தடை போடவில்லை.

கண்ணுக்குத் தெரிவது ஏறத்தாழ 380 முதல் 750 நனோமீற்றர் வரை மட்டும். 1800இல் ஹேர்ஷல் சிவப்புக்கு அப்பால் வெப்பமானியை வைத்துச் செந்நிறக்கீழ்க் கதிரைக் கண்டார். அடுத்த வருடமே ரிற்றர் ஊதாவுக்கு அப்பால் போனார். 1880களின் கடைசியில் ஹேட்ஸ் வானொலி அலையை உண்டாக்கிக் காட்டினார், 1895இல் றொன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார், 1900இல் வில்லார்ட் காமாக் கதிரைக் கண்டார். ஒரே ஒரு நூற்றாண்டுக்குள் படம் முழுவதும் நிரம்பிவிட்டது. அதன் பிறகு நடந்ததெல்லாம் ஓரங்களை இழுத்து நீட்டும் வேலைதான்.

இழுத்து நீட்டும்போது ஒன்று நடக்கிறது. படத்தின் நடுப்பகுதியில்தான் நாம் உண்மையில் ஒரு நீளத்தை அளக்கிறோம். கண்ணுறு ஒளியைக் குறுக்கிடச் செய்து அளக்கலாம். எக்ஸ் கதிரை, 1912இல் லவுவே காட்டியதுபோல, பளிங்கின் அணு அடுக்குகளில் சிதறவிட்டு அளக்கலாம். மிக நீண்ட அலைகளில் அப்படி முடியாது. அங்கே ஓர் ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்து நீளத்தைக் கணக்குப் போடுகிறோம். மிகக் குறுகிய அலைகளில் ஒரு போட்டன், அதாவது ஒளியின் ஒரு தனித் துணுக்கு, கொண்டு வந்த சக்தியை அளந்துவிட்டு நீளத்தைக் கணக்குப் போடுகிறோம். ஆக, இரண்டு நுனியிலும் "அலைநீளம் இவ்வளவு" என்று நாம் சொல்வது கணக்குப் போட்டுப் பெற்ற எண்.

சரி, நீண்ட பக்கத்திலிருந்து தொடங்கலாம். இலங்கைக்காரருக்கு அதுதான் பழகிய பக்கம். ஒரு காலத்தில் பௌதிகவியல் பக்கமே போகாதவர்கள் வாயிலும் அலைநீளம் புழங்கியது. 1925இல் தொடங்கிய கொழும்பு வானொலி 1949இல் ரேடியோ சிலோன் ஆனது. அதன் சிற்றலை ஒலிபரப்பைப் பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறையே உண்டு. 25 மீற்றர், 41 மீற்றர் என்று அவர்கள் சொல்வது வேறொன்றுமில்லை, அந்த அலையின் நீளத்தைத்தான். 41 மீற்றர் என்பது ஏறக்குறைய 7 மெகாஹேட்ஸ். பண்பலை வந்த பிறகு எல்லோரும் மெகாஹேட்ஸுக்கு மாறிவிட்டோம். பண்பலையின் அலைநீளம் மூன்று மீற்றர் அளவு என்று இப்போது யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

சிற்றலை கடல் கடந்ததற்குக் காரணம் வானத்தில் இருக்கிறது. தரையிலிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேலே, சூரியனின் கழியூதாக் கதிர்கள் காற்றின் அணுக்களிலிருந்து இலத்திரன்களைப் பிய்த்து விடுகின்றன. இப்படி இலத்திரன்கள் தனியே திரியும் நிலைக்குப் பிளாஸ்மா என்று பெயர். அதற்குள் ஓர் அலை நுழைந்தால் இலத்திரன்கள் அதன் தாளத்துக்கு ஆட முயல்கின்றன. தாளம் மெதுவாக இருந்தால் அவை நன்றாக ஈடுகொடுத்து ஆடி, அலையின் புலத்தை உள்ளே வரவிடாமல் தடுத்துத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. தாளம் வேகமாக இருந்தால் அவற்றால் ஈடுகொடுக்க முடிவதில்லை, அலை ஊடுருவிப் போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லை மீடிறனைத் தீர்மானிப்பது ஒரு கன சென்ரிமீற்றரில் எத்தனை இலத்திரன்கள் என்பதுதான். அயன மண்டலம் எனப்படும் இந்த அடுக்கில் பகலில் அது பத்து இலட்சம் வரை போகும். அந்த நெரிசலில், நேராக மேலே போகும் அலைக்கு எல்லை சுமார் 9 மெகாஹேட்ஸ். அலைநீளத்தில் சொன்னால் 33 மீற்றர். அதைவிட நீண்ட அலை திரும்பி வரும். சரிவாகப் போனால் அதைவிடச் சற்றுக் குறுகிய அலையும் திரும்பி வரும். 25 மீற்றர் அலை தொலைதூரம் போய் இறங்குவது அப்படித்தான்.

கொழும்பில் வாழ்ந்த இன்னொருவருக்கு இதே எல்லையின் மறுபக்கம் தேவைப்பட்டது. விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் 1945 ஒக்டோபரில், பூமியோடு சேர்ந்து சுற்றும் செய்மதிகள் வழியாக உலகம் முழுவதும் ஒலிபரப்பலாம் என்று எழுதினார். இலங்கையில் குடியேறியது அதற்குப் பதினொரு வருடத்துக்குப் பிறகு. அவருடைய யோசனை நடக்க வேண்டுமென்றால் அலை அயன மண்டலத்தைத் துளைத்துக்கொண்டு போய்த் திரும்ப வேண்டும். 1946 ஜனவரியில் அமெரிக்க இராணுவத்தினர் 111.5 மெகாஹேட்ஸில், அதாவது 2.7 மீற்றர் அலையில், நிலவை நோக்கி அனுப்பிய துடிப்பு எதிரொலித்து வந்தது. சிற்றலைக்கு மூடியிருந்த கதவு அந்த அலைக்குத் திறந்திருந்தது. இந்தப் பிளாஸ்மா எல்லையைக் கொஞ்சம் மனதில் வைத்திருங்கள். விண்வெளிக்குப் போகும்போது மறுபடி வரும்.

அதற்கு முதல் வீட்டுக்குள் இருக்கும் அலை. நம் வீட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 தடவை திசை மாறுகிறது. வாய்ப்பாட்டில் போட்டால் அலைநீளம் 6,000 கிலோமீற்றர். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை முழுத் தீவின் நீளமே சுமார் 430 கிலோமீற்றர்தான். ஒரே அலையின் பதினான்கில் ஒரு பங்குக்குள் நாடு முழுவதும் அடங்கிவிடுகிறது. அப்படியானால் மின்கம்பிகளிலிருந்து 6,000 கிலோமீற்றர் அலைகள் வானத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கின்றனவா? மிக மிகச் சொற்பமாக, ஆம். ஒரு கம்பி நன்றாகக் கதிர்வீச வேண்டுமென்றால் அதன் நீளம் அலைநீளத்தில் அரைவாசியோ கால்வாசியோ இருக்க வேண்டும். அதைவிட மிகச் சிறிய கம்பி புலத்தைச் சுற்றிவர விரித்துவிட்டு அடுத்த கணமே திரும்ப இழுத்துக்கொள்ளும். அலைநீளத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு தூரத்துக்குள் இந்தப் போக்குவரத்துத்தான் ஆதிக்கம் செலுத்தும். 50 ஹேட்ஸுக்கு அந்தத் தூரம் 950 கிலோமீற்றர். சென்னைகூட அதற்குள்தான் வருகிறது. அலை என்று சொல்லிப் பிரிந்து போகக்கூடிய ஒன்று அதற்கு அப்பால்தான் உருவம் எடுக்கும். அந்தத் தூரத்தில் அளப்பதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது.

கொழும்பிலேயே உயரமான கட்டுமானம் தாமரைக் கோபுரம், 350 மீற்றர். அதை அடி முதல் நுனி வரை ஒரே அன்ரனாவாக மாற்றினாலும், கால் அலைநீளக் கணக்கில், 1,400 மீற்றர் அலைக்குத்தான் அது பொருந்தும். 50 ஹேட்ஸுக்கு அதே கணக்கில் 1,500 கிலோமீற்றர் உயரக் கோபுரம் வேண்டும்.

இப்படிப்பட்ட அலையை வேண்டுமென்றே அனுப்ப முயன்றவர்களும் இருக்கிறார்கள். உப்புத் தண்ணீர் வானொலி அலையை விழுங்கிவிடும். அலை நீள நீளத்தான் ஆழத்துக்கு இறங்கும். அதனால்தான் நீர்மூழ்கிக் கப்பல்களோடு கதைக்க வல்லரசுகள் இந்த ஓரத்துக்கு வந்தன. திருநெல்வேலிக்கு அருகே விஜயநாராயணத்தில் இந்தியக் கடற்படை நடத்தும் கட்டபொம்மன் நிலையம் பத்துக் கிலோமீற்றருக்கு மேற்பட்ட அலைகளை அனுப்புகிறது. அமெரிக்கக் கடற்படை இன்னும் தூரம் போனது. விஸ்கொன்சினிலும் மிச்சிகனிலும் காட்டுக்குள் பல பத்துக் கிலோமீற்றர் கம்பி இழுத்து, பூமியின் பாறையையே அன்ரனாவின் ஒரு பகுதியாக்கி, 76 ஹேட்ஸில் செய்தி அனுப்பியது. அலைநீளம் ஏறக்குறைய 3,900 கிலோமீற்றர். மெகாவாட் கணக்கில் கரண்ட் ஊற்றியும் அலையாகக் கிளம்பியது சில வாட்கள்தான். 2004இல் அதை மூடிவிட்டார்கள்.

இயற்கை இதைவிடப் பெரிய அலையைச் சும்மா உண்டாக்குகிறது. சித்திரை மாதப் பின்னேரங்களில் கொழும்பில் இடி இடிப்பதைப்போல, உலகம் முழுவதும் செக்கனுக்குச் சராசரியாக நாற்பதுக்கு மேற்பட்ட மின்னல்கள் வெட்டிக்கொண்டே இருக்கின்றன. தரைக்கும் அயன மண்டலத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளிக்குள் அந்த அதிர்வுகள் பூமியைச் சுற்றி ஓடி ஒன்றோடொன்று சேர்கின்றன. 1952இல் ஷூமான் இதை எதிர்வுகூறினார். முதல் ஒத்ததிர்வு 7.83 ஹேட்ஸ். அலைநீளம் சுமார் 38,000 கிலோமீற்றர், ஏறத்தாழ பூமியின் சுற்றளவு. இந்தக் கூட்டுக்குள் அதைவிட நீண்ட அலைக்குப் பொருந்தி நிற்க இடம் இல்லை. இதே எண்ணை வைத்து "பூமியின் இதயத்துடிப்பு" என்று வட்ஸ்அப்பில் சுற்றும் கதைகளுக்கும் பௌதிகவியலுக்கும் சம்பந்தம் கிடையாது.

இனி விண்வெளி. அயன மண்டலம் நம் தலைக்கு மேல் மூடியாக இருப்பதால், முப்பது மீற்றருக்கு மேற்பட்ட அலைகளில் வானத்தைத் தரையிலிருந்து பார்ப்பது பெரும்பாடு. 1973இல் நாசா நிலவைச் சுற்ற ஒரு வானொலிச் செய்மதியை அனுப்பியது இதற்காகத்தான். நிலவுக்குப் பின்னால் போகும்போது பூமியின் இரைச்சலும் மறைந்துவிடும். அந்த மூடியைத் தாண்டிப் பார்த்தபோது தெரிந்தது என்னவென்றால், சில மெகாஹேட்ஸுக்குக் கீழே போகப் போக நம் பால்வீதியே மங்கிக்கொண்டு போகிறது. நட்சத்திரங்களுக்கு நடுவிலுள்ள மெல்லிய பிளாஸ்மாவில், இலத்திரன்கள் புரோத்தன்களுக்கு அருகே வளைந்து போகும்போது அலையின் சக்தியை உறிஞ்சிக்கொள்கின்றன. பல நூறு மீற்றர் நீள அலையில் பால்வீதி ஒரு மூடுபனி.

உறிஞ்சுவது ஒரு பக்கம் இருக்கட்டும். அயன மண்டலத்தில் பார்த்த அதே எல்லை அங்கேயும் உண்டு, இலத்திரன்கள் குறைவு என்பதால் அது மிகத் தள்ளிப் போய்விடுகிறது. இதை நேரில் போய் அளந்த ஒரு கருவியும் உண்டு. வொயேஜர் 1 விண்கலம் 2012 ஓகஸ்டில் சூரியனின் ஆதிக்க எல்லையைக் கடந்தது. அடுத்த வருடம் சூரியனிலிருந்து வந்த ஒரு அதிர்ச்சி அங்குள்ள பிளாஸ்மாவை மணிபோல அடிக்க, அதன் கருவியில் 2.6 கிலோஹேட்ஸ் ஒலித்தது. அதிலிருந்து இலத்திரன் அடர்த்தியைக் கணித்தார்கள்: கன சென்ரிமீற்றருக்கு 0.08. விண்கலம் வெளியே வந்துவிட்டது என்பதற்கு அதுவே உறுதியான சான்றாக அமைந்தது. அந்த இடத்தில் 2.6 கிலோஹேட்ஸுக்குக் கீழான சாதாரண வானொலி அலை பயணிக்க முடியாது. அலைநீளத்தில் அது 115 கிலோமீற்றர், கொழும்பு கோட்டையிலிருந்து காலிக்குப் போகும் ரயில் பாதையின் நீளம்.

பால்வீதிக்கும் வெளியே, விண்மீன்கூட்டங்களுக்கு இடையிலுள்ள வெறுமையில், பல கன மீற்றருக்கு ஓர் இலத்திரன் என்ற கணக்குத்தான். அங்கேயும் எல்லை பூச்சியத்துக்குப் போய்விடுவதில்லை, சில ஹேட்ஸில் நிற்கிறது. அலைநீளத்தில் ஒரு இலட்சம் கிலோமீற்றர் அளவு. காணக்கூடிய பிரபஞ்சத்தின் குறுக்களவு 9,300 கோடி ஒளியாண்டு. அப்படியான இடத்தில் சுதந்திரமாகத் திரியக்கூடிய ஆக நீண்ட ஒளி அலை, பூமியிலிருந்து நிலவுக்குக்கூட எட்டாத நீளம்! எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கணக்கு இதுதான். நிபுணர்கள் இடைமறிப்பதற்கு முதல் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்மாவில் காந்தப்புலம் இருந்தால் இந்த எல்லைக்குக் கீழேயும் சில விசேட அலைகள் காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு நகரும். மின்னலிலிருந்து கிளம்பி விசில் அடிப்பதுபோல் இறங்கும் அலைகள் அந்த வகை. ஆனால் அவை ஒளியின் வேகத்தில் போவதில்லை, பிளாஸ்மாவோடு பின்னிப் பிணைந்தவை.

இந்தத் தடை வெறும் கணக்கு அல்ல, வானத்தில் அதன் விளைவைப் பார்க்கலாம். 1054இல் சீனர்கள் பதிவுசெய்த வெடிப்பின் மிச்சம் நண்டு நெபுலா. அதன் நடுவில், வெடித்த நட்சத்திரத்தின் இறுகிய கருவும் மிகப் பலமான காந்தமுமான ஒரு நியூத்திரன் நட்சத்திரம் செக்கனுக்கு முப்பது தடவை சுழல்கிறது. இவ்வளவு பலமான காந்தம் வெற்றிடத்தில் இப்படிச் சுழன்றால் 30 ஹேட்ஸ் அலையை, அதாவது 10,000 கிலோமீற்றர் அலையை, வீச வேண்டும். சுற்றியுள்ள பிளாஸ்மா அந்த அலைக்கு வழிவிடாது. நட்சத்திரம் வேகம் குறைந்துகொண்டு வருவது அளவில் தெரிகிறது, ஆக சக்தி எங்கோ போகிறது. அலையாகத் தப்ப முடியாத அந்தச் சக்தி, துணிக்கைகளின் புயலாக நெபுலாவுக்குள் கொட்டப்படுகிறது. ஏறத்தாழ ஆயிரம் வருடம் கழிந்தும் நெபுலா ஒளிர்வது அதனால்தான். இந்த நெபுலாவைக் கட்டுரையின் மறுநுனியிலும் சந்திப்போம்.

கோட்பாட்டளவில் ஓர் ஒளியாண்டு நீள அலையை நினைத்துப் பார்க்கலாம். அதன் ஒரு ஆட்டம் முடிய ஒரு வருடம் பிடிக்கும். அந்த வருடம் முழுவதும் அது மெதுவாக மாறும் ஒரு மின்புலம் போலத்தான் தோன்றும். ஈர்ப்பு அலைகளில் இந்தச் சாதனையைச் செய்துவிட்டார்கள்: பல்சார்கள் எனப்படும் சுழலும் நியூத்திரன் நட்சத்திரங்களின் துடிப்பைப் பதினைந்து வருடங்கள் கூர்ந்து கவனித்து, ஒளியாண்டுக் கணக்கில் நீளமான அலைகளுக்கான சான்றை 2023இல் வெளியிட்டார்கள். ஈர்ப்பு அலையை எந்தப் பிளாஸ்மாவும் மறிப்பதில்லை. ஒளிக்கு அந்தச் சலுகை இல்லை.

குறுகிய பக்கத்தில் மீற்றர் கணக்கு கெதியாகவே கைவிட்டுப் போய்விடும். எக்ஸ் கதிரின் அலைநீளம் ஓர் அணுவின் பருமன், காமாக் கதிர் அதைவிடச் சின்னது. அதன் பிறகு எல்லோரும் சக்தியில்தான் கதைக்கிறார்கள். மீடிறனைப் பிளாங்கின் மாறிலியால் பெருக்கினால் போட்டனின் சக்தி. அதை அளக்கும் சின்ன அலகு இலத்திரன்வோல்ற்று. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒரு போட்டனுக்கு இரண்டு, மூன்று இலத்திரன்வோல்ற்று. 2021இல் சீன ஆய்வாளர்கள் அறிவித்த ஒரு போட்டனுக்கு 1,400 இலட்சம் கோடி இலத்திரன்வோல்ற்று.

அதைப் பிடித்தது சிச்சுவான் மாகாணத்தில் 4,410 மீற்றர் உயரத்தில் பரப்பி வைத்திருக்கும் லாசோ ஆய்வுக்கூடம். உண்மையில் அந்தப் போட்டனை யாரும் பிடிக்கவில்லை. அது வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மோதி அழிந்து, இலத்திரன்களும் அவற்றின் எதிர்த்துணிக்கைகளான பொசித்திரன்களும் பெருக்கெடுக்கும் ஒரு மழையாக மாறிவிட்டது. தரையில் விழுந்த தூறலை எண்ணி, முதல் துளியின் சக்தி இவ்வளவு என்று கணித்தார்கள். புரோத்தன் வந்து மோதினாலும் இப்படி மழை பொழியும், ஆனால் அதில் மியூவோன்கள், அதாவது இலத்திரனின் பாரமான உறவினர்கள், அதிகம் இருக்கும். மியூவோன் குறைந்த மழை என்றால் வந்தது காமா. சிக்னஸ் என்ற நட்சத்திரக் குழுவின் திசையிலிருந்து வந்த அந்தப் போட்டனின் அலைநீளம், தசமப் புள்ளிக்குப் பிறகு 21 பூச்சியங்கள் போட்டு ஒரு 9 எழுதினால் வரும் மீற்றர். புரோத்தனின் விட்டத்தில் ஏறத்தாழ இருபது இலட்சத்தில் ஒரு பங்கு. அதே வருடம் நண்டு நெபுலாவிலிருந்தும் 1,100 இலட்சம் கோடி இலத்திரன்வோல்ற்றுப் போட்டன் ஒன்றை அறிவித்தார்கள். பத்தாயிரம் கிலோமீற்றர் அலையாக வெளியேற முடியாத அதே சக்தி, துணிக்கைகள் வழியாக, புரோத்தனைவிடச் சிறிய அலையாக வந்து சேர்ந்திருக்கிறது.

நண்டு நெபுலா 6,500 ஒளியாண்டுதான், அயல்வீடு. இதே போட்டன் வேறொரு விண்மீன்கூட்டத்திலிருந்து வருவது நடக்காத காரியம். பிரபஞ்சம் எங்கும் பெருவெடிப்பின் மிச்ச ஒளி நிரம்பியிருக்கிறது. கிளம்பும்போது அதன் அலைநீளம் ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வெளி விரிந்து விரிந்து, அலையும் கூடவே ஆயிரத்து நூறு மடங்கு நீண்டு, இன்று ஒரு மில்லிமீற்றர் அளவில் நிற்கிறது. ஒரு கன சென்ரிமீற்றருக்கு நானூறுக்கு மேற்பட்ட போட்டன்கள். 1934இல் பிறைட், வீலர் இருவரும் காட்டியபடி, இரண்டு போட்டன்கள் மோதினால் அவற்றின் சக்தி போதுமானதாக இருக்கும் பட்சத்தில் ஓர் இலத்திரனும் ஒரு பொசித்திரனும் பிறக்கும். மிச்ச ஒளியின் போட்டன் மிகவும் பலவீனமானது. ஆகவே எதிரில் வருவது அபாரச் சக்தி உள்ளதாக இருக்க வேண்டும். லாசோ கண்ட போட்டன்கள் அப்படிப்பட்டவைதான். 2,000 இலட்சம் கோடி இலத்திரன்வோல்ற்று அளவில் இந்த ஆபத்து உச்சத்துக்குப் போகிறது. சராசரியாக முப்பதாயிரம் ஒளியாண்டுக்குள் போட்டன் அழிந்துவிடும், பால்வீதியின் மையம் நம்மிடமிருந்து இருக்கும் தூரத்தைவிடக் கொஞ்சம்தான் கூட.

பிளாங்கின் நீளம் இங்கே வந்தே தீரும். "அலைநீளம் பிளாங்கின் நீளத்தைவிடக் குறைய முடியாது, குறைந்தால் போட்டன் கருந்துளை ஆகிவிடும்" என்று எத்தனையோ யூடியூப் விளக்கங்கள் சொல்கின்றன. பிளாங்கின் நீளம் என்பது தசமப் புள்ளிக்குப் பிறகு 34 பூச்சியங்கள் கடந்து வரும் ஒரு நீளம். ஈர்ப்பையும் குவாண்டத்தையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டிய அளவு அதுதான் என்பது சரி. ஆனால் தனியே போகும் ஒரு போட்டன் கருந்துளையாகிவிடும் என்பது அவசரப்பட்ட பேச்சு. அலைநீளம் அலையின் சொந்தச் சொத்து அல்ல. நீங்கள் அதை நோக்கி ஓடினால் அது குறுகும், விலகி ஓடினால் நீளும். போதிய வேகத்தில் விலகி ஓடும் ஒருவருக்கு அந்தப் பயங்கரக் காமாக் கதிர் 41 மீற்றர் வானொலி அலையாகத் தெரியும். ஒருவருக்குக் கருந்துளை, இன்னொருவருக்குப் பாட்டு என்று இருக்க முடியாது. ஐன்ஸ்டைனின் சார்பியல் எந்த அளவிலும் அப்படியே செல்லுபடியாகும் என்றால், ஆகக் குறைந்த அலைநீளம் என்று ஒன்று இருக்க வழியில்லை. அப்படி ஒன்று இருந்தால் சார்பியலைத் திருத்தி எழுத வேண்டும்.

அந்தத் திருத்தம் தேவையா என்று சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். வெளி என்பதே மிகச் சிறிய அளவில் கரடுமுரடாக இருந்தால் குறுகிய அலைகளின் வேகம் நீண்ட அலைகளிலிருந்து இம்மியளவு வேறுபட வேண்டும் என்று சில கோட்பாடுகள் எதிர்பார்த்தன. 2009 மே 10இல் ஃபெர்மி விண்தொலைநோக்கி, 730 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் நடந்த ஒரு காமா வெடிப்பைப் பதிவுசெய்தது. அதில் 3,100 கோடி இலத்திரன்வோல்ற்றுப் போட்டன் ஒன்று, வெடிப்புத் தொடங்கி ஒரு செக்கனுக்குள் வந்துவிட்டது. 730 கோடி வருட ஓட்டத்தில் வித்தியாசம் ஒரு செக்கன்கூட இல்லை. வேகம் சக்தியோடு நேர்விகிதத்தில் மாறும் என்ற எளிய வகைக் கோட்பாடுகள் பிளாங்கின் அளவிலேயே அடிபட்டுப் போயின.

இதற்கிடையில் இன்னொரு விசயம். மிச்ச ஒளி போட்ட வேலி கடைசி வேலி அல்ல. சக்தி அந்த உச்சத்தைத் தாண்டி ஏற ஏற, மோதல் நடக்கும் வாய்ப்பு மறுபடி குறையத் தொடங்குகிறது. 10இன் 19ஆம் அடுக்கு இலத்திரன்வோல்ற்றில் ஒரு போட்டன் பத்து இலட்சக்கணக்கான ஒளியாண்டு தாக்குப்பிடிக்கும். அதைவிடக் கூடிய சக்தியுள்ள அண்டக் கதிர்கள், அதாவது விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் துணிக்கைகள், இருப்பது தெரிந்ததே, அவை மிச்ச ஒளியில் மோதும்போது இப்படிப்பட்ட போட்டன்களும் பிறந்தாக வேண்டும். ஆர்ஜென்ரீனாவில் 3,000 சதுர கிலோமீற்றர் பரப்பில் கருவிகளை நிறுத்தி வைத்திருக்கும் பியர் ஓஜே ஆய்வுக்கூடம் அவற்றைத் தேடுகிறது. தரையில் விழும் மழைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, மியூவோன் குறைந்த ஒன்று உண்டா என்று பார்க்கிறார்கள். உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று இதுவரை அகப்படவில்லை.